ஐந்து இடைமறி ஏவுகணை, மூன்று குறி: பகிர்வுக் கணக்கை கால்க்கில் போடுவது எப்படி

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வானத்தை அண்ணாந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் வகுப்பில் நேரியல் திட்டமிடல் (இருப்பதை வைத்துச் சிறந்த விடை காணும் கணக்கு, அதைப் போடும் வழிக்குப் பெயர் சிம்ப்ளெக்ஸ்) நடத்திக்கொண்டிருக்கும்போது மேலே அந்தச் சத்தம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், எதிரி பத்து ஏவுகணை அனுப்பி நம்மகிட்ட ஆறுதான் இருந்தா, எதை எதுக்கு அனுப்புறதுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க? இதுவும் இந்த சிம்ப்ளெக்ஸ்தானா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, பகிர்வுக் கணக்குதான்" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னதில் பாதிதான் சரி. மீதிப் பாதி பிடிபட எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

கால்க் (லிப்ரே ஆபீஸின் விரிதாள்) அல்லது எக்செல்லில் சம்ப்ராடக்ட் (இரண்டு பத்திகளை வரிசைக்கு வரிசை பெருக்கிக் கூட்டும் சூத்திரம்) போடத் தெரியும், சால்வர் (சிறந்த விடையைத் தேடித்தரும் கருவி) எந்த மெனுவில் இருக்கிறது என்று தெரியும் என்ற அளவில் தொடங்குகிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் போட்டுக்கொண்டவை. உண்மையான ஏவுகணைகளின் துல்லியமான வெற்றி நிகழ்தகவை நாடுகள் பொதுவாக வெளியில் சொல்வதில்லை. ஆனால் கணக்கு முறை ரகசியம் இல்லை. ஆலன் மான் என்பவர் 1958-லேயே இதை ஆய்விதழில் எழுதிவிட்டார்.

படி 1: மூன்று எண்களை எழுதுங்கள்

வரும் ஏவுகணை ஒவ்வொன்றையும் ஒரு 'குறி' என்று வைத்துக்கொள்வோம். அது வந்து விழுந்தால் எவ்வளவு இழப்பு என்பது அதன் மதிப்பு. நம்முடைய ஓர் இடைமறி ஏவுகணை அதை வீழ்த்தும் வாய்ப்பு நிகழ்தகவு. கையிருப்பில் எத்தனை என்பது மூன்றாவது எண்.

நம் எடுத்துக்காட்டில் மூன்று குறிகள், மதிப்பு 10, 6, 3. நிகழ்தகவு எல்லாவற்றுக்கும் 0.6. கையில் ஐந்து.

படி 2: கூட்டாதீர்கள், பெருக்குங்கள்

ஒரு குறிக்கு இரண்டு அனுப்பினால் 0.6 + 0.6 = 1.2 என்று எழுதும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது. தவறும் வாய்ப்பைத்தான் பெருக்க வேண்டும்: 0.4 × 0.4 = 0.16. ஆகவே வீழ்த்தும் வாய்ப்பு 0.84. பொதுவாகச் சொன்னால், ஒரு குறியால் எதிர்பார்க்கும் இழப்பு = மதிப்பு × (1 − நிகழ்தகவு)^எண்ணிக்கை.

வயலுக்கு யூரியா போட்டவர்களுக்கு இது புதிதல்ல. முதல் மூட்டையில் பயிர் நன்றாக எழும்பும். இரண்டாவதில் கொஞ்சம் கூடும். மூன்றாவதைக் கொட்டினால் பெரிதாக ஒன்றும் ஏறாது. (மேலும் கொட்டினால் பயிர் சாயும், இலைச்சுருட்டுப் புழு வரும். ஏவுகணைக் கணக்கில் நல்லவேளையாக அது இல்லை, பலன் குறையுமே தவிர கீழே போகாது.) ஒவ்வொரு கூடுதல் ஏவுகணையும் முந்தையதைவிடக் குறைவாகத்தான் காப்பாற்றுகிறது. எவ்வளவு என்று எழுதிப் பார்ப்போம். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று இடமிருந்து வலமாக:

குறி 1 (மதிப்பு 10): 6, 2.4, 0.96
குறி 2 (மதிப்பு 6): 3.6, 1.44, 0.576
குறி 3 (மதிப்பு 3): 1.8, 0.72, 0.288

படி 3: கையாலேயே ஒருமுறை போடுங்கள்

இந்த ஒன்பது எண்களில் பெரியவை ஐந்தை எடுங்கள்: 6, 3.6, 2.4, 1.8, 1.44. அதாவது முதல் குறிக்கு இரண்டு, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. காப்பாற்றியது 15.24. மொத்த மதிப்பு 19, ஆகவே எதிர்பார்க்கும் இழப்பு 3.76. பயத்தில் ஐந்தையும் பெரிய குறிக்கே அனுப்பியிருந்தால் இழப்பு 9.10.

இப்படிப் பெரியதாகப் பார்த்துப் பொறுக்குவதே சிறந்த விடை தரும் என்பதற்கு 1959-லேயே நிரூபணம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: நம் ஏவுகணைகள் எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைப் பலரும் வாசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இதை மனதில் வையுங்கள், படி 6-ல் வேலை வரும்.

படி 4: நான் விழுந்த இடம்

சால்வருக்குள் இதைக் கொண்டுபோக வேண்டும். சூத்திரத்தில் எண்ணிக்கை அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. நேரியல் சால்வர் அடுக்கை ஏற்காது. கணக்கு வாத்தியார் என்ன செய்வார்? மடக்கை எடுப்பார். நானும் எடுத்தேன். மடக்கை எடுத்தவுடன் அடுக்கு கீழே இறங்கிப் பெருக்கலாகிவிட்டது, எல்லாம் நேரியல், மனம் நிறைந்துவிட்டது. சால்வரை ஓட்டினேன். ஐந்தையும் மூன்றாவது குறிக்கு அனுப்பச் சொன்னது. மதிப்பு 3 உள்ள குறிக்கு!

முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தேன். பிழை இல்லை. அப்புறம் முதல் குறியின் மதிப்பை 10-லிருந்து 1000 ஆக்கினேன். விடை அசையவில்லை. அப்போதுதான் காகிதத்தை எடுத்தேன்.

நாம் குறைக்க வேண்டியது மூன்று குறிகளின் இழப்புகளின் கூட்டல். கூட்டலின் மடக்கை வேறு, மடக்கைகளின் கூட்டல் வேறு. நான் ஒவ்வொரு குறிக்கும் தனித்தனியாக மடக்கை எடுத்து அவற்றைக் கூட்டியிருந்தேன். அப்படிச் செய்தால் மதிப்பின் மடக்கை தனி உறுப்பாகப் பிரிந்து, எதனாலும் மாறாத எண்ணாக ஓரத்தில் நின்றுவிடுகிறது. முடிவில் மதிப்புக்கு இடமே இல்லை. நிகழ்தகவும் எல்லாவற்றுக்கும் 0.6 என்பதால் ஐந்தை எப்படிப் பிரித்தாலும் ஒரே கூட்டுத்தொகை. சால்வர் கைக்கு வந்த ஒன்றை நீட்டியது. குற்றம் அதன் மேல் இல்லை.

ஒரே குறி இருந்தால் மடக்கை சரி. ஒன்றுக்கு மேல் போனால் கூடாது. இதைப் பாடமாக நடத்துகிற எனக்கே மூன்று வாரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது. இன்றும் எந்தத் தாளைப் போட்டாலும் முதல் சோதனை இதுதான்: ஒரு குறியின் மதிப்பை 1000 ஆக்குங்கள். சரியான தாள் ஐந்தையும் அங்கே திருப்பும் (ஐந்தாவது ஏவுகணையின் பலன் கூட 15.36, மற்ற குறிகளின் முதல் பலனைவிட அதிகம்). திரும்பவில்லை என்றால் எங்கோ தவறு.

நடுவில் கால்க்கில் உள்ள டெப்ஸ் என்ற நேரியலல்லாத சால்வரையும் முயன்றேன். அடுக்கை அப்படியே ஏற்கும். ஆனால் அது குருட்டாம்போக்காகத் தேடித் தேடி நெருங்கும் வகை. ஓட்டும்போதெல்லாம் வேறு விடை வந்தது. இதுதான் சிறந்தது என்று உறுதி சொல்லாத விடையை நான் வகுப்பில் எழுத மாட்டேன்.

படி 5: அட்டவணையாக விரியுங்கள்

தீர்வு இவ்வளவு எளிதா என்று எனக்கே தோன்றியது. எண்ணிக்கையை மாறியாக வைக்காதீர்கள். 'இந்தக் குறிக்கு இத்தனை' என்ற ஒவ்வொரு வாய்ப்பையும் ஒரு வரிசையாக எழுதுங்கள். முதல் குறிக்கு 0, 1, 2, 3, 4, 5 என்று ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் எதிர்பார்க்கும் இழப்பை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிவிடுங்கள்: 10, 4, 1.6, 0.64 என்று போகும். இதேபோல மற்ற இரண்டு குறிகளுக்கும். மொத்தம் 18 வரிசை.

பத்திகள் நான்கு: குறி, எண்ணிக்கை, இழப்பு, தேர்வு. தேர்வுப் பத்தியைக் காலியாக விடுங்கள், அதைத்தான் சால்வர் 0 அல்லது 1 என்று நிரப்பப் போகிறது. குறைக்க வேண்டிய கட்டம்: இழப்புப் பத்திக்கும் தேர்வுப் பத்திக்கும் சம்ப்ராடக்ட். கட்டுப்பாடுகள்: தேர்வுப் பத்தி முழுவதும் பைனரி, ஒவ்வொரு குறிக்கும் தேர்வுகளின் கூட்டுத்தொகை சரியாக 1, எண்ணிக்கைக்கும் தேர்வுக்கும் சம்ப்ராடக்ட் 5-க்குள்.

அடுக்கு எங்கே போனது? சால்வர் கண்ணில் படுவதற்கு முன்பே அது வெறும் எண்ணாகிவிட்டது. வளைவு முழுவதும் தரவில் இருக்கிறது, மாறியில் இல்லை. ஆகவே கணக்கு நேரியல். 3.76 வந்தால் நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

படி 6: இரண்டு வகை ஏவுகணை

இங்கேதான் அந்த 1959 நிபந்தனை உதைக்கும். சிறிய எடுத்துக்காட்டு: இரண்டு குறி, இரண்டுக்கும் மதிப்பு 10. நெடுந்தூர ஏவுகணை ஒன்று, முதல் குறியை வீழ்த்தும் வாய்ப்பு 0.8, இரண்டாவதை 0.75. குறுந்தூர ஏவுகணை ஒன்று, அதற்கு 0.7, 0.1.

பெரியதாகப் பொறுக்கினால் நெடுந்தூரம் முதல் குறிக்குப் போகும், பலன் 8. அப்புறம் குறுந்தூரத்தை எங்கே அனுப்ப? முதல் குறிக்கே அனுப்பினால் 1.4, இரண்டாவதுக்கு 1. ஆக முதல் குறிக்கே. மொத்தம் 9.4. இரண்டாவது குறி தடுப்பாரின்றி வந்து விழும். மாற்றிப் போடுங்கள்: நெடுந்தூரம் இரண்டாவதுக்கு, 7.5. குறுந்தூரம் முதலாவதுக்கு, 7. மொத்தம் 14.5. எல்லா வேலையும் தெரிந்த ஆளை, மற்றவரால் முடியாத வேலைக்கு விட வேண்டும். நடவுக்கு ஆள் பிரிக்கும் எங்கள் ஊர்ப் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல வகை ஏவுகணை, பல குறி என்று போகும்போது இந்தக் கணக்கு பொதுவாக என்பி-முழுமை வகை என்று 1986-ல் லாயிடும் விட்சென்ஹவுசனும் காட்டினார்கள். அதாவது எல்லா அளவுக்கும் வேகமாக முடிக்கும் குறுக்குவழி இன்றுவரை கிடைக்கவில்லை. அதைக் கேட்டு மிரள வேண்டாம். அகூஜா, குமார், ஜா, ஆர்லின் நால்வரும் 2007-ல் வெளியிட்ட கட்டுரையில் 80 ஆயுதம், 80 குறி வரை சில நொடிகளில் மிகச்சரியான விடை கண்டிருக்கிறார்கள்.

நம் அட்டவணையில் ஒரு பத்தி கூடுகிறது, அவ்வளவுதான். நெடுந்தூரம் 0, 1, 2; குறுந்தூரம் 0, 1, 2 என்றால் ஒரு குறிக்கு ஒன்பது வரிசை. இழப்பில் இரண்டு தவறும் வாய்ப்புகளையும் பெருக்குங்கள். கையிருப்புக் கட்டுப்பாடு இரண்டாகும். ஆனால் வரிசைகள் வேகமாகப் பெருகும், கவனம். அமெரிக்கா 1975-ல் வடக்கு டகோட்டாவில் சேஃப்கார்டு என்ற அமைப்பை இயக்கியது. சோவியத் ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தப்படி மொத்தம் 100 இடைமறி ஏவுகணைக்கு மேல் கூடாது. 30 ஸ்பார்டன், தொலைவில் தடுக்க. 70 ஸ்பிரின்ட், தப்பி வருவதை அருகில் தடுக்க. அதை அப்படியே நம் முறையில் விரித்தால் ஒரு குறிக்கு 31 × 71 = 2201 வரிசை. ஒரு குறிக்கு ஒரு வகையில் மூன்றுக்கு மேல் யாரும் அனுப்பப் போவதில்லை என்று வெட்டிவிட்டால் 16 வரிசைதான்.

கருவிகள்: என் விருப்பம்

தொடங்குபவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் கால்க். இலவசம், சால்வர் கூடவே வருகிறது, பைனரி கட்டுப்பாட்டை நேராகத் தேர்ந்தெடுக்கலாம். எக்செல் சால்வர் நல்லதுதான், ஆனால் 200 மாறிக்கு மேல் ஏற்காது. கூகுள் ஷீட்ஸில் இதற்குத் தனியாக ஒரு இணைப்பைச் சேர்க்க வேண்டும். கல்லூரிக் கணினியில் அனுமதி கேட்டே பாதி நேரம் போய்விடும், பரிந்துரைக்க மாட்டேன்.

வரிசை சில நூறைத் தாண்டினால் பைதான் நிரல்மொழியில் பல்ப் என்ற நிரல்தொகுப்பு. சிபிசி என்ற இலவச சால்வரை அதனுடன் ஓட்டலாம். மடிக்கணினி இல்லாத பிள்ளைகள் கைப்பேசியிலேயே கோலாப் (உலாவியில் பைதான் ஓட்டும் கூகுள் தளம்) திறந்து ஓட்டுகிறார்கள். கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட் என்ற சால்வர் மிக வேகம், ஆனால் முழு எண் மட்டுமே ஏற்கும். 3.76 போன்றவற்றை 1000-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கிக் கொடுக்க வேண்டும். முதல் கணக்குக்கு அது தேவையற்ற சுமை.

பின்சேர்க்கை 1: "இழப்பு 0 வருகிறது சார்"

இந்தக் கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. நால்வரும் செய்த பிழை ஒன்றே. 'ஒவ்வொரு குறிக்கும் தேர்வு சரியாக 1' என்பதற்குப் பதில் '1-க்குள்' என்று போட்டிருக்கிறார்கள். சால்வருக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம். எந்த வரிசையையும் தேர்ந்தெடுக்காவிட்டால் இழப்பு சுழியம்தானே! எதையும் அனுப்பாமல் இருப்பதும் ஒரு வரிசை, அதற்கும் இழப்பு உண்டு, அதையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சமக்குறி போடுங்கள்.

பின்சேர்க்கை 2: இரண்டும் ஒன்றாகத் தவறினால்?

மின்வாரியத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒரு வாசகர் கேட்ட நல்ல கேள்வி. ராடார் குறியைத் தவறாகப் பார்த்தால் எத்தனை அனுப்பினாலும் எல்லாம் தவறும். ஒரே மோசமான விதை நெல்லை மூன்று வயலில் விதைத்தது போல. 0.4 × 0.4 என்று நான் பெருக்கியது, ஒன்றின் தவறுக்கும் மற்றதன் தவறுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டுதான்.

திருத்தம் இப்படி. ராடார் சரியாகப் பார்க்கும் வாய்ப்பு 0.9 என்போம். பார்த்த பின் ஒன்று வீழ்த்தும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஒன்று அனுப்பினால் 0.9 × 2/3 = 0.6, பழைய எண்ணே. இரண்டு அனுப்பினால் 0.84 அல்ல, 0.8. மூன்றுக்கு 0.936 அல்ல, 0.867. எத்தனை அனுப்பினாலும் 0.9-ஐத் தாண்டாது. இழப்புப் பத்தியில் சூத்திரத்தை மாற்றினால் போதும், சால்வர் அமைப்பில் கை வைக்க வேண்டாம். அட்டவணை முறை எனக்குப் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொருவர், முதலில் ஒன்றை விட்டு, விழுந்ததா என்று பார்த்து, அப்புறம் இரண்டாவதை விடலாமே என்றார். நேரம் இருந்தால் கட்டாயம் செய்யலாம். வீழ்த்தும் வாய்ப்பு அதே 0.84. செலவோ சராசரியாக 2 அல்ல, 1.4 தான், ஏனென்றால் பத்தில் நான்கு முறைதான் இரண்டாவது தேவைப்படும்.

பின்சேர்க்கை 3: மதிப்பு ஊரின் மேல் இருந்தால்

அந்த மாணவியே பிறகு கொண்டுவந்த சிக்கல் இது. "சார், ஒரே ஊரைக் குறிவச்சு ரெண்டு ஏவுகணை வருது. ஒண்ணைத் தடுத்து ஒண்ணு விழுந்தாலும் ஊர் போச்சே. அப்ப மதிப்பை ஏவுகணை மேல எப்படி எழுதுறது?"

எழுத முடியாது. ஊர் தப்ப வேண்டுமானால் இரண்டும் வீழ வேண்டும். 0.6 வாய்ப்பில், ஓர் இடைமறி ஏவுகணை அனுப்பினால் ஊர் தப்பும் வாய்ப்பு 0. இரண்டு அனுப்பினால் 0.36. மூன்றுக்கு 0.504. நான்குக்கு 0.7056. முதல் ஏவுகணைக்குப் பலனே இல்லை, இரண்டாவதுக்குத்தான் பலன். யூரியா மூட்டைக் கணக்கு இங்கே செல்லாது. பெரியதாகப் பொறுக்கும் முறை, முதல் அடியிலேயே எல்லாப் பலனும் 0 என்று பார்த்து நின்றுவிடும்.

இது கடைமடைக் கணக்கு. தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லா ஆற்றிலும் சமமாகத் திறந்துவிட்டால் வழியில் மணலே குடித்துவிடும், கடைமடைக்கு ஒன்றும் வராது. அதனால்தான் இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு என்று முறை வைத்து விடுகிறார்கள். ஏவுகணைத் துறையிலும் இதே யோசனை இருக்கிறது. எல்லாவற்றையும் அரைகுறையாகக் காப்பதைவிடச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து முழுதாகக் காப்பது. சேஃப்கார்டு காத்தது ஏவுகணைக் கிடங்குகளை. கிடங்குகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பவை, எவை தப்பினாலும் பயன் ஒன்றுதான். அங்கே இப்படித் தேர்ந்தெடுப்பதில் மன உறுத்தல் இல்லை. ஊர்கள் என்று வந்தால் எந்த ஊருக்கு எத்தனை மதிப்பு என்று எழுதும் கை யாருடையது என்ற கேள்வி எழும். சால்வர் அதைக் கேட்காது. அந்தப் பத்தியை நிரப்பும் முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாணவியின் செமினாரில் முதல் பத்து நிமிடத்தை அதற்கே ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

தாளில் மாற்றம் சிறியது. வரிசைகளைக் குறிக்குப் பதில் ஊருக்கு எழுதுங்கள். ஓர் ஊருக்கு வரும் ஏவுகணைகளுக்குள் எண்ணிக்கையை முடிந்தவரை சமமாகப் பிரித்து, வீழ்த்தும் வாய்ப்புகளைப் பெருக்கித் தப்பும் வாய்ப்பை எழுதுங்கள். சால்வரிடம் இழப்பைக் குறைப்பதற்குப் பதில், மதிப்பு × தப்பும் வாய்ப்பு என்பதன் மொத்தத்தை அதிகமாக்கச் சொல்லுங்கள். இரண்டு ஊர், இரண்டுக்கும் மதிப்பு 10, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏவுகணை வருகிறது என்று போட்டுப் பாருங்கள். கையில் மூன்று இருந்தால் மூன்றையும் ஒரே ஊருக்கு அனுப்பச் சொல்லும், 5.04. இரண்டும் ஒன்றுமாகப் பிரித்தால் 3.6 தான். நான்கு ஆனதும் இரண்டிரண்டாகப் பிரிக்கச் சொல்லும், 7.2. நான்கும் ஒரே ஊருக்கு என்றால் 7.056. ஐந்து கொடுத்தால் மூன்றும் இரண்டுமாக 8.64 வர வேண்டும். வேறு எண் வந்தால் ஒரு ஏவுகணை மட்டும் அனுப்பும் வரிசையை முதலில் பாருங்கள். அங்கே 0 இருக்க வேண்டும், பழைய தாளிலிருந்து 0.6 ஒட்டிக்கொண்டிருக்கும்.